அறையை அளந்த காலை

ஃபேனை நிறுத்தியாயிற்று. ஃபிரிட்ஜையும் நிறுத்தியாயிற்று, நிற்கும்போது அது ஒரு உதறு உதறியது, அது எனக்குக் கேட்டது, தெளிவாகவே கேட்டது, குறித்துக்கொள்கிறேன். ஆனால் அது அடிச் சத்தம், உறுமுகிற கனத்த வகை. அடிச் சத்தமெல்லாம் கடைசிவரை கேட்கும், அப்பாவுக்கும் கேட்டது. வேண்டாம், அப்பா இப்போது வேண்டாம். கையிலிருக்கும் மைக்கைப் பார். மைக்கின் மூக்கு கூரையைப் பார்க்க வேண்டும், என் காது உயரத்தில் பிடிக்க வேண்டும், அசையக் கூடாது, பேசக் கூடாது, முடிந்தால் மூச்சு விடாமல் இருந்தால் உத்தமம் என்கிற தோரணையில் கம்ப்யூட்டர் திரையில் சாஃப்ட்வேர் எனக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருக்கிறது. மொத்தம் முப்பத்தேழு இடம். ஒன்பது முடிந்திருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் இரண்டு ஸ்பீக்கரும் மாறி மாறி அடியிலிருந்து உச்சிவரை ஒரு ஊளை விடும், மைக் அதைக் கேட்டு இந்த அறை எந்தச் சத்தத்தை ஊதிக் காட்டுகிறது, எதை விழுங்கிவிடுகிறது என்று கோடு போடும். பிறகு அந்தக் கோட்டுக்கு நேர் எதிராக ஒரு ஈக்வலைசர் கோடு. அறை கூட்டியதை அது குறைக்கும், அறை குறைத்ததை அது கூட்டும். அறையே இல்லாத மாதிரி ஆகிவிடும். மணி பதினொன்று ஐந்து, வளசரவாக்கத்தில் ஃபேன் ஓடாத இரண்டாவது மாடி, முதுகில் வியர்வை ஓடுகிறது. ஹாலில் என் மனைவி நிலா எட்டாம் வகுப்புக் கணக்குத் தாள்களைத் திருத்திக்கொண்டிருக்கிறாள், காலாண்டு விடுமுறை. முக்கால் மணி நேரம் மிக்சி பக்கம் போகாதே என்றதற்கு எதிரில் வந்து நின்று, "போன வருஷம்தானே இந்த ரூமை அளந்தீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். இப்போதெல்லாம் எதைச் சொல்வதானாலும் எதிரில் வந்து நின்றுதான் சொல்கிறாள். பத்தொன்பது வருஷம் அடுப்படியிலிருந்தே கத்திப் பழகியவள். மகள் ஹாஸ்டலுக்குப் போனபிறகு அவளுக்கு என்மேல் பிரியம் கூடிவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

பத்தாவது இடம். இடது பக்கம் ஒரு சாண் நகர்த்தச் சொல்கிறது. ஊளை. காலையில் ஒன்பது மணிக்கு எபநேசர் போன் செய்யாமல் இருந்திருந்தால் இந்நேரம் நான் இட்லி சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக அடுத்த பாட்டைத் தொட்டிருப்பேன். நல்ல பையன், பையன் என்ன பையன், முப்பத்திரண்டு வயது இசையமைப்பாளர், எனக்கு எல்லாரும் பையன்களாகத் தெரிகிற வயது வந்துவிட்டது. அவன் குரல், வயலின், தபேலா எல்லாவற்றையும் தனித்தனியாக அனுப்புவான், நான் அவற்றை அளவாகச் சேர்த்து ஒரே பாட்டாக்கித் திருப்பி அனுப்புவேன். மிக்சிங். இருபத்துநாலு வருஷமாக இதுதான் வேலை, வேறு எதுவும் தெரியாது. "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க," என்றான். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டிய எல்லாமும் அப்படித்தான் ஆரம்பிக்கும். "பாட்டு அருமையா வந்திருக்கு. ஆனா ச வர்ற இடமெல்லாம் ஊசி மாதிரி குத்துதுண்ணே. வீட்ல போட்டுக் காட்டினேன், தூங்கிட்டிருந்த பாப்பா எந்திரிச்சு அழுவுது. தாலாட்டுண்ணே இது." சொல்லிவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். போனில்தானே பேசுகிறோம், என் முகத்தை யாரும் பார்க்கவில்லை, ஆனாலும் என் வாய் ஒரு சிரிப்பு சிரித்தது, அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். அப்பாவின் சிரிப்பு. ராஜபாளையத்தில் ஒரு பஞ்சு மில்லில் நூல் சுற்றும் பிரிவில் முப்பது வருஷம் நின்றவர். வீட்டுக்கு வந்தால் ரேடியோவைக் கடைசிவரை திருகுவார், நான் போய்க் குறைப்பேன், அவர் ஒன்றும் சொல்லாமல் மறுபடி திருகுவார். யார் என்ன பேசினாலும் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார். எப்போது பார்த்தாலும் சிரித்த முகம் என்று தெருவே மெச்சியது. எனக்குத்தான் தெரியும், அது கேட்காதவன் சிரிப்பு. கல்யாண வீட்டில் ஒருவர் தன் மனைவி செத்த கதையைச் சொல்லும்போதும் அதையே சிரித்தார், நான் பக்கத்தில் நின்றேன், எனக்குப் பதினாறு வயது, ஓடிப்போய்விடலாம் போல இருந்தது. "ஒரு மணிக்குள்ள குடுத்துருவீங்களாண்ணே, டைரக்டர் கேக்குறாரு," என்றான் எபநேசர். அது கேட்டது. எல்லாம் கேட்டது. போனில் எல்லாம் கேட்கிறது.

பதினாறு, பதினேழு. கை வலிக்கிறது. அறைதான் காரணம், எனக்கு நிச்சயமாகத் தெரியும். பின்சுவர் மூலையில் மகளின் மெத்தை நிற்கிறது, ஜூனில் அவள் போனதும் கட்டிலைக் கொடுத்துவிட்டு மெத்தையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நான்தான் நிமிர்த்தி வைத்தேன். மெத்தை மேல் சத்தங்களை விழுங்கும். மேல் சத்தம் என்றால் ச, ஸ எல்லாம் சீறுகிற இடம், எண்ணில் சொன்னால் எட்டாயிரம் ஹெர்ட்ஸ், எங்கள் பேச்சில் எட்டு கே. மெத்தை எட்டு கேயை விழுங்கினால் எனக்குக் குறைவாகக் கேட்கும், குறைவாகக் கேட்டால் நான் கூட்டி வைப்பேன், நான் கூட்டி வைத்தால் எபநேசர் வீட்டுப் பாப்பா எழுந்து அழும். எவ்வளவு சுத்தமான கணக்கு, நிலாவே முழு மார்க் போடுவாள். அப்படியானால் எதற்குப் பயம். பயமில்லை. இருபதாவது இடம், வலது காதுப் பக்கம், ஊளை அடியில் தொடங்கி வயிற்றில் அதிர்ந்து மார்புக்கு வந்து மேலே ஏறி விசிலாகி மெலிந்து, முடிந்தது. திரையில் முடியவில்லை. பச்சைக் கோடு இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு முடிந்த பிறகும் அது கொஞ்ச தூரம் போய்த்தான் நின்றது. இதில் ஒன்றுமில்லை, ஊளை இருபதாயிரம்வரை போகும், நாற்பத்தொன்பது வயதில் யாருக்கும் உச்சி கேட்காது, உலகத்தில் எந்த இன்ஜினியருக்கும் கேட்காது, அதைக் கேட்காமலே பெரிய பெரிய வேலையெல்லாம் செய்திருக்கிறார்கள். ஆனால் எவ்வளவு தூரம் போயிற்று? பன்னிரண்டாயிரத்தில் நின்றதா, இல்லை எட்டிலேயே நின்றுவிட்டதா? அதை நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லையா, கண்ணைத் திருப்பிக்கொண்டேனா? போனில் காது சோதிக்க ஒரு ஆப் இருக்கிறது, ஆடி மாசத்திலேயே இறக்கி வைத்தேன், இன்னும் திறக்கவில்லை. நேரம் இல்லை. நேரம் இல்லை என்பதை நானே நம்ப வேண்டும் என்று எவ்வளவு பிரயாசைப்படுகிறேன். போன மாசம் இன்வெர்ட்டர் கத்திக்கொண்டே இருந்ததாம், கீச் கீச் என்று, இரண்டு நாளாக. "உங்களுக்கு எரிச்சலாவே இல்லியா?" என்று நிலா கேட்டாள். பக்கத்து வீட்டுது என்று நினைத்தேன் என்று சொன்னேன். பச்சைப் பொய். எனக்கு எந்த வீட்டிலும் எதுவும் கத்தவில்லை.

இருபத்தெட்டில் தெருவில் கோலமாவுக்காரர் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு வந்தார், அளவு கெட்டுவிட்டது, மறுபடி எடுக்கச் சொன்னது. எடுத்தேன். யாரையும் திட்டவில்லை. முப்பத்தைந்து, முப்பத்தாறு. மெத்தையாகத்தான் இருக்க வேண்டும், மெத்தையாக இருந்தால் இன்றைக்கே அதைக் கீழே இறக்கி யாருக்காவது கொடுத்துவிடுகிறேன், மகள் லீவுக்கு வந்தால் பாயில் படுக்கட்டும், நான் வேண்டுமானால் பாயில் படுக்கிறேன். யாரிடம் பேரம் பேசுகிறேன் என்று தெரியவில்லை. முப்பத்தேழு. திரையில் வட்டம் சுற்றுகிறது, யோசிக்கிறது, பரீட்சை ரிசல்ட் பலகை முன்னால் நிற்கிற மாதிரி நிற்கிறேன். கோடு வந்தது. அடியில் ஒரு பெரிய மேடு, அது எப்போதும் உள்ளது, சுவர்கள் கிட்டக் கிட்ட இருப்பதால் வருவது. நடுவில் ஒரு சின்னப் பள்ளம், மேஜையின் வேலை. அதற்கப்புறம் ஐந்தாயிரத்திலிருந்து மேலே, எட்டைக் கடந்து, பத்தைக் கடந்து, தட்டி நீவிவிட்ட போர்வை மாதிரி நேராகப் போகிறது. போன வருஷக் கோட்டை எடுத்து மேலே வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டன. மெத்தை ஒன்றையும் விழுங்கவில்லை. பாவம், மூலையில் சும்மா நிற்கிறது. அறை போன வருஷம் இருந்தபடியே இருக்கிறது, ஸ்பீக்கர் இருந்தபடியே இருக்கிறது, எல்லாம் இருந்தபடி இருந்தால் போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் நடுவில் இந்த அறையில் மாறியது என்ன? நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இந்த நாற்காலியில் உட்காருகிறவன் மாறியிருக்கிறான். அதை எந்த மைக்கும் அளக்கவில்லை.

இரு. இரு இரு. இந்தப் பாட்டை நான் ஸ்பீக்கரில் முடிக்கவில்லை. நேற்று முன்தினம் மேல் வீட்டில் டிரில் போட்டுக்கொண்டிருந்தார்கள், குரல் வேலை முழுக்க ஹெட்போனில்தான் செய்தேன். ஹெட்போனுக்கும் இதே சாஃப்ட்வேரில் ஒரு திருத்தம் உண்டு, அளக்கவே வேண்டாம், பட்டியலில் ஹெட்போன் பெயரைத் தேர்ந்தெடுத்தால் அதன் கோணலுக்கு எதிர்க் கோணல் போட்டுக் கொடுக்கும். அது என் காதுக்கு மட்டும்தான். பாட்டைக் கோப்பாக வெளியே எடுக்கும்போது அதை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் என் ஹெட்போனுக்கான மருந்தை ஊரில் உள்ள எல்லாரும் குடித்த கதை ஆகிவிடும். இந்தத் தொழிலில் இதை ஒரு தடவையாவது செய்யாதவன் கிடையாது, செய்துவிட்டு ஒரு வாரம் வெளியில் சொல்ல மாட்டோம். அணைத்தேனா? பாட்டைத் திறந்து கடைசி வரிசையைப் பார்க்கிறேன், திருத்தத்தின் பொத்தான் எரிகிறது, பச்சையாக எரிகிறது, அணைக்கவில்லை, நான் அணைக்கவே இல்லை! மடையா, சற்குணம், அறிவு கெட்ட கழுதையே என்று என்னையே சத்தம் போட்டுத் திட்டினேன், எவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மறதி. வெறும் மறதி. மறதிக்கு யார் பயப்படுவார்கள். ஃபேனைப் போட்டேன், ஃபிரிட்ஜைப் போட்டேன். திருத்தத்தை அணைத்துவிட்டுப் பாட்டை மறுபடி வெளியே எடுத்தேன், போட்டுக்கூடப் பார்க்கவில்லை, பார்க்க என்ன இருக்கிறது, பன்னிரண்டு பத்துக்கு அனுப்பியும்விட்டேன். எபநேசருக்கே போன் போட்டேன். "தப்பு என்னோடதுதான் எபா, ஹெட்போன் திருத்தத்தை அணைக்காம அனுப்பிட்டேன், இப்போ சரியா இருக்கும் பாரு." "அட, நீங்களே மறந்துட்டீங்களாண்ணே!" என்று சிரித்தான். நானும் சிரித்தேன், இந்தத் தடவை என் சொந்தச் சிரிப்பு. ஹாலுக்குப் போய், "நிலா, மிக்சி போட்டுக்கோ, என்ன வேணா போட்டுக்கோ," என்றேன். அவள் எழுந்து எதிரில் வந்து, "என்ன இவ்ளோ குஷி?" என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லி அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு வந்தேன். அந்த ஆப்பைக்கூட அழித்துவிடலாம் என்று தோன்றியது.

பன்னிரண்டு இருபத்திரண்டு. போன். "அண்ணே." அவன் வார்த்தை தேடுகிறான், அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது. "மாத்தி அனுப்பிட்டீங்களோ? இது முன்னதைவிட அதிகமா குத்துதுண்ணே. ஹெட்போனைக் கழட்டிட்டேன்." பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். பார்த்தேன். சாஃப்ட்வேரில் என் ஹெட்போனின் கோணலைத் திறந்து பார்த்தேன், எத்தனை வருஷமாக எனக்குத் தெரிந்த கோணல். இந்த ஹெட்போன் எட்டு கேயில் நாலு டெசிபல் அதிகமாகக் கத்தும். அதனால் திருத்தம் அதே இடத்தில் நாலு டெசிபல் குறைக்கும். குறைக்கும். கூட்டாது. காலையில் அவன் கேட்டது குறைத்து அனுப்பிய பாட்டு. நாலு டெசிபல் குறைத்த பிறகும் குத்தியிருக்கிறது. நான் மறந்துபோனது என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது, நானே போய் அதை அணைத்துவிட்டு வந்தேன். இதைக்கூடவா யோசிக்காமல் குதித்தேன், குழந்தைக் கணக்கு, கூட்டலா கழித்தலா என்றுகூடப் பார்க்காமல். குரலின் ஈக்வலைசரைத் திறந்தேன். எட்டு கேயில் ஒரு குன்று. யாழ்மொழி என்கிற அந்தப் புதுப் பெண்ணின் குரல்மேல், ஒரு தாலாட்டின்மேல், எட்டு டெசிபல் ஏற்றி வைத்திருக்கிறேன். ஞாபகம் வருகிறது, வார்த்தை முகம் காட்டவில்லையே, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று திருகிக்கொண்டே போனேன். ரேடியோவைத் திருகும் அப்பாவின் கை. யாராவது வந்து குறைத்திருந்தால் நானும் ஒன்றும் சொல்லாமல் மறுபடி திருகியிருப்பேன். பயமாக இருக்கிறது. இதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, எனக்கு மிகவும் பயமாக இருக்கிறது. என் காதுக்கான திருத்தத்தை மறுபடி போட்டு, ஹெட்போனை மாட்டி அந்தக் குன்றோடு பாட்டைக் கேட்டேன். அழகாக இருந்தது. எங்கேயும் குத்தவில்லை. செவ்வந்தி, சிறகு, சலங்கை, ஒவ்வொரு வார்த்தையும் முகம் கழுவிக்கொண்டு வந்து நின்றது. எதைக் குறைக்க வேண்டும், எவ்வளவு குறைக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும்? குத்துகிற இடம் தெரிந்தவன்தானே குத்தாமல் வைக்க முடியும். மணி பன்னிரண்டு முப்பத்தைந்து.

"நிலா, கொஞ்சம் வா," என்றேன். பேனாவோடு வந்தாள், சிவப்புப் பேனா, விரலில்கூட மை. என் நாற்காலியில் உட்காரச் சொல்லி ஹெட்போனை அவள் தலையில் மாட்டினேன், காதோர முடியை ஒதுக்கிவிட்டேன். "ஒரு பாட்டு போடறேன். காதுல குத்துற மாதிரி இருந்தா பேனாவைத் தூக்கு. அவ்வளவுதான்." எதற்கு என்று கேட்பாள் என்று பயந்தேன். கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். போட்டேன். முதல் வரியிலேயே பேனா எழுந்தது, முகம் சுளித்தது, இரண்டாவது வரியில் இரண்டு தடவை, செவ்வந்தியில் ஒன்று, சிறகில் ஒன்று. எனக்கு எதுவும் கேட்கவில்லை, ஹெட்போன் அவளிடம் இருக்கிறது, அறை சும்மா இருக்கிறது, பேனா மட்டும் எழுந்து எழுந்து இறங்குகிறது. ஒரு டெசிபல் இறக்கினேன். மறுபடி முதலிலிருந்து. பேனா எழுந்தது. இரண்டு. எழுந்தது. பேனாவையே பார்த்துக்கொண்டு கையை நகர்த்தினேன், பாட்டைப் பார்க்கவில்லை, கோட்டைப் பார்க்கவில்லை. நான்கில் சுளிப்பு குறைந்தது. ஐந்தில் சலங்கைக்கு மட்டும் எழுந்தது. ஏழில், பாட்டு முழுக்க ஓடியும், பேனா அவள் மடியிலேயே கிடந்தது. அவள் முகம் தளர்ந்து, கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தாலாட்டு அது, மறந்தே போயிருந்தேன். திருத்தத்தை அணைத்தேன், அணைந்திருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்துவிட்டு வெளியே எடுத்து அனுப்பினேன். பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்கு எபநேசர் செய்தி அனுப்பினான், "அண்ணே, இதுதாண்ணே. பாப்பா தூங்குது. எப்பவும் போல நீங்க நீங்கதான்."

நிலா ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டிவிட்டாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. யாழ்மொழி மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பாடுவதுபோல இருந்தது, செவ்வந்தியில் பாதி இல்லை, சிறகில் பாதி இல்லை. இதுதான் சரியான பாட்டு. இனிமேல் சரியான பாட்டு எனக்கு இப்படித்தான் கேட்கும். ஹெட்போனை எடுத்து மேஜையில் வைத்தேன். என் வாய் அந்தச் சிரிப்பைச் சிரிக்கப் பார்த்தது, உதட்டைக் கடித்து நிறுத்தினேன். அவள் நாற்காலியைச் சுற்றி வந்து என் எதிரில் நின்றாள், வெளிச்சம் தன் முகத்தில் படுகிற மாதிரி.

"இப்ப குத்தலைங்க. உங்களுக்கு?"

"எனக்கு முதல்லேருந்தே குத்தலை, நிலா."

அவள் ஆச்சரியப்படவில்லை. குனிந்து, என் முகத்துக்கு நேராக, ஒவ்வொரு சொல்லையும் வாய் நிறையத் திறந்து சொன்னாள்.

"தெரியும். அதான் இப்பல்லாம் எதிர்ல வந்து நின்னு பேசறேன்."